ஆம்ஸ்டர்டாமில் ஒரு டாக்டரம்மா

ஆம்ஸ்டர்டாமுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ட்யூலிப் தோட்டம், காற்றாலை, கால்வாயில் படகு சவாரி என்று வரிசையாக அடுக்குவார்கள். நானும் அதையெல்லாம் பார்த்தேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் என் மனசை விட்டுப் போகாதது ஒரு பழைய மாடி வீடும், அதில் வாழ்ந்த ஒரு டாக்டரம்மாவும்தான். அவரையும் அவருடைய சினேகிதிகளையும் பற்றி வாசக சகோதரிகளிடம் சொல்ல வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நான் அங்கே போனது சுற்றிப் பார்க்க அல்ல. என் தங்கைக்கு இரண்டாவது பிரசவம். அம்மாவுக்கு வயசாகிவிட்டது, அவ்வளவு தூரம் விமானத்தில் வர முடியாது. "அக்கா, நீதான் வரணும்" என்று தங்கை போனில் அழாத குறை. எனக்கோ பிளஸ் டூ படிப்பு, மாயவரம் தாண்டினால் சென்னை, அதைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. மிளகாய்ப் பொடி, பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தங்கை இருப்பது ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டல்வேன் என்ற ஊரில். நம்மவர்கள் நிறையப் பேர் அங்கே குடியிருக்கிறார்கள். முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது! ஆனால் என்னை ஆச்சரியப்படுத்தியது முருங்கைக்காய் அல்ல. பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு நர்ஸம்மா தினமும் வந்து, ஒரு வாரத்துக்கு மேல் தாயையும் குழந்தையையும் பார்த்துக்கொள்கிறார். குளிப்பாட்ட, பால் கொடுக்கச் சொல்லித்தர, தாய்க்கு ஜுரம் இருக்கிறதா என்று பார்க்க, ஏன், பாத்திரம் கழுவக்கூடக் கை கொடுக்கிறார். இது பணக்காரர்களுக்கு மட்டுமான ஏற்பாடு இல்லை, எல்லா வீட்டுக்கும் உண்டு. குழந்தையைப் பார்க்க வருகிறவர்களுக்கு ரஸ்கின் மேல் வெண்ணெய் தடவி, சர்க்கரை பூசிய சோம்பு மிட்டாயைத் தூவிக் கொடுக்கிறார்கள். ஆண் குழந்தை என்றால் நீலம், பெண் குழந்தை என்றால் ரோஜா நிறம். எங்கள் வீட்டில் ரோஜா நிறம். சோம்பு பால் சுரக்க நல்லது என்று நாம் சொல்வதையே அவர்களும் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு நாள் அந்த நர்ஸம்மாவிடம், "உங்கள் ஊரில் பெண்களுக்கு எவ்வளவு வசதி செய்திருக்கிறார்கள்!" என்று தங்கை மூலமாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "யாரும் தானாகச் செய்து தரவில்லை. அலெட்டா யாகோப்ஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார், தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "அவங்க வீடு நம்ம டிராம் போற வழியிலதான் இருக்கு, அக்கா. நான் நல்லாத்தான் இருக்கேன். மாப்பிள்ளையைக் கூட்டிட்டு ஒரு நாள் போய்ட்டு வா" என்றாள் தங்கை. ஒரு நாள் என்று ஆரம்பித்தது நாலைந்து நாளாயிற்று.

பதினைந்தாம் நம்பர் வீடு

ஐந்தாம் நம்பர் டிராமில் ஏறினால் ஊர் நடுவே கொண்டுபோய் விடுகிறது. ஃபோண்டல் பார்க் என்ற பெரிய பூங்காவுக்குப் பக்கத்தில் டெசெல்ஸ்காடெ வீதி. செங்கல் சுவரும் உயரமான ஜன்னல்களுமாக ஒன்றோடொன்று ஒட்டிய மாடி வீடுகள். அதில் 15-ஆம் எண் வீட்டில்தான் அலெட்டா யாகோப்ஸ் குடியிருந்து வைத்தியம் பார்த்தார். சுவரில் அவர் பெயரைப் பொறித்த பலகை உண்டு. உள்ளே போக முடியாது, வாசலில் நின்றுதான் பார்க்க வேண்டும். காற்று காதை அறுக்கிறது, நடைபாதை என்று நினைத்து நின்றால் அது சைக்கிள் பாதை! மணியடித்துக்கொண்டு பாய்ந்து வருகிறார்கள். போகிறவர்கள் ஜாக்கிரதை.

அலெட்டா 1854-இல் ஹாலந்தின் வடக்கே ஒரு கிராமத்தில், டாக்டர் வீட்டில் பிறந்தவர். பதினோரு குழந்தைகளில் எட்டாவது. அப்பாவைப் போல டாக்டராக வேண்டும் என்று சின்ன வயசிலிருந்தே ஆசை. ஆனால் அந்த நாட்டில் எந்தப் பெண்ணும் அதுவரை சர்வகலாசாலையில் முறையாகச் சேர்ந்து படித்ததில்லை. 1871-இல், பதினேழு வயசுப் பெண், பிரதம மந்திரிக்கே கடிதம் எழுதிவிட்டார்! அனுமதி வந்தது. ஆனால் பதில் கடிதம் அலெட்டாவுக்கு வரவில்லை, அவருடைய அப்பாவின் பெயருக்கு வந்தது. ஒரு வருஷம் பரீட்சார்த்தமாகப் படிக்கட்டும் என்று அதில் இருந்தது. அந்த ஒரு வருஷம் ஏழெட்டு வருஷமாகி, 1879 மார்ச் 8-ஆம் தேதி டாக்டர் பட்டம் வாங்கினார். இன்று நாம் மகளிர் தினம் கொண்டாடும் அதே தேதி!

ஆம்ஸ்டர்டாமில் தொழில் ஆரம்பித்ததும், வாரத்தில் இரண்டு நாள் ஏழைப் பெண்களுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். அங்கே அவர் பார்த்தது என்ன? வருஷத்துக்கு ஒரு பிள்ளை பெற்று, ரத்தமெல்லாம் வற்றி, நாற்பது வயசில் கிழவியாகிப்போன பெண்கள். அவர்களுக்காக, பெண்ணே உபயோகித்துக்கொள்ளக்கூடிய ஒரு ரப்பர் மூடியைக் கருத்தடைக்குச் சொல்லிக்கொடுத்தார். சக டாக்டர்களே தூற்றினார்கள். அடுத்து, கடைகளில் வேலை செய்யும் பெண்கள். காலை முதல் ராத்திரி வரை நின்றுகொண்டே இருப்பதால் அவர்களுக்கு அடிவயிற்றில் என்னென்ன உபாதைகள் வருகின்றன என்று கண்டு, கடையில் உட்கார ஆசனம் போட வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடினார். நம் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது 2021-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த அம்மாள் எவ்வளவு முன்னால் யோசித்திருக்கிறார்!

நாற்காலிக்குச் சட்டம் வேண்டும். சட்டத்துக்குச் சட்டசபை வேண்டும். சட்டசபைக்கு ஓட்டு வேண்டும். பெண்களுக்கு ஓட்டு இல்லை. டாக்டரம்மாவின் நோயாளிகள்தான் அவரை ஓட்டுரிமைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த நாளில் ஹாலந்தில் இவ்வளவு வரி கட்டுகிறவர்களுக்கு ஓட்டு உண்டு என்று இருந்தது. ஆண், பெண் என்று சட்டத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அலெட்டா சம்பாதித்தார், வரியும் கட்டினார். 1883-இல் நகரத் தலைவருக்கு எழுதினார்: என் பெயரை ஏன் வாக்காளர் பட்டியலில் சேர்க்கவில்லை? முடியாது என்று பதில் வந்தது. கோர்ட்டுக்குப் போனார். நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயும் தோற்றார். அதோடு விட்டார்களா? 1887-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது, 'ஆண்' என்ற வார்த்தையைத் தெளிவாகச் சேர்த்துவிட்டார்கள். ஒரு பெண் கதவைத் தட்டினாள். அதற்குப் பிறகு தாழ்ப்பாளும் போட்டாயிற்று!

தனி மரம் தோப்பாகாது

தனியாகத் தட்டினால் இந்தக் கதவு திறக்காது என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. 1894-இல் ஹாலந்தில் பெண்கள் ஓட்டுரிமைச் சங்கம் தோன்றியது. பின்னால் 1903 முதல் அதற்கு அவரே தலைவி. ஆனால் ஒரு சின்ன தேசத்துக்குள் மட்டும் சங்கம் வைத்தால் போதுமா? மற்ற நாட்டுப் பெண்களும் இதே கதவைத்தானே தட்டிக்கொண்டிருந்தார்கள்!

டாக்டர் பட்டம் வாங்கிய வருஷமே அவர் லண்டனுக்குப் போய்ச் சில மாதங்கள் இருந்திருக்கிறார். அங்கே பெண் டாக்டர்களோடும், அன்னி பெசன்ட் அம்மையாரைச் சுற்றி இருந்த சீர்திருத்தக்காரர்களோடும் பழக்கம் ஏற்பட்டது. ஆமாம், பிற்பாடு நம் அடையாறுக்கு வந்தாரே, அதே அன்னி பெசன்ட்தான். அந்தப் பழக்கங்களைக் கடிதங்களால் வளர்த்தார். அமெரிக்காவில் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதிய புத்தகத்தையும், தென்னாப்பிரிக்காவில் ஆலிவ் ஷ்ரைனர் எழுதிய புத்தகத்தையும் உட்கார்ந்து டச்சு மொழியில் பெயர்த்தார். கடல் கடந்த ஒருத்தியின் யோசனை தன் ஊர்ப் பெண்ணின் கையில் அவள் மொழியிலேயே கிடைக்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

1904-இல் பெர்லினில் சர்வதேசப் பெண்கள் ஓட்டுரிமைக் கூட்டணி உருவானது. அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி, ஸ்வீடன் சங்கங்களோடு ஹாலந்தும் அதில் சேர்ந்தது. தலைவி அமெரிக்காவின் கேரி சாப்மன் காட். எண்பத்து நாலு வயசான சூசன் ஆன்டனி பாட்டியும் கப்பலேறி வந்திருந்தார். வேடிக்கை என்னவென்றால், பெர்லின் அடங்கிய பிரஷ்யா ராஜ்யத்தில் பெண்கள் அரசியல் சங்கத்தில் சேரவே அப்போது தடை. 1908-இல்தான் அது நீங்கியது. அதனால் ஜெர்மானியப் பெண்கள் அந்தத் தடை இல்லாத ஹாம்பர்க் நகரத்தில் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்திருந்தார்கள். ஒரு வாசல் அடைத்தால் மறு வாசல். இப்படிப்பட்ட உபாயங்களையெல்லாம் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொள்ளத்தான் இந்தக் கூட்டணி.

சரி, வருஷத்துக்கு ஒரு தரம், இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் கூடினால் போதுமா? நடுவில் விட்டுப்போகாதா? அதற்காக 1906-இல் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார்கள். லத்தீனில் 'யூஸ் சஃப்ராகீ' என்று பெயர், 'ஓட்டுரிமை' என்று அர்த்தம். ஹாலந்தின் ராட்டர்டாம் நகரத்திலிருந்து மார்டினா கிராமர்ஸ் என்ற பெண்மணி அதை நடத்தினார். அதன் பழைய பக்கங்களை ஆம்ஸ்டர்டாம் நூலகம் ஒன்றில் கம்ப்யூட்டர் திரையில் எனக்குக் காட்டினார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பகுதி. இந்த நாட்டில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், அந்த நாட்டில் மசோதா தோற்றுவிட்டது என்று மாசாமாசம் சேதி. தோற்றவள் அதைப் படித்துவிட்டு, ஜெயித்தவள் எப்படி ஜெயித்தாள் என்று பார்ப்பாள். 1906-இல் பின்லாந்துப் பெண்களுக்கு ஓட்டு வந்தது என்றால், அது மற்ற நாட்டுச் சட்டசபைகளில் எடுத்துக்காட்டும் ஆதாரமாகிவிடும். "பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தால் குடும்பம் கெட்டுவிடும்" என்று சொல்கிறவர்களிடம், "எங்கே கெட்டது, காட்டுங்கள்" என்று கேட்கலாம் அல்லவா?

இரண்டு சினேகிதிகள்

இந்தச் சரித்திரத்தில் என்னை நெகிழ வைத்த இடம் ஒன்று உண்டு. அலெட்டாவுக்கு ஒரே ஒரு குழந்தை பிறந்தது, 1893-இல். ஒரு நாள்தான் உயிரோடு இருந்தது. கணவர் கெரிட்சன் நல்ல மனிதர், மனைவியின் காரியங்களுக்குப் பக்கபலமாக நின்றவர். அவர் 1905 ஜூலையில் காலமானார். அதே வருஷம் அக்டோபரில் அமெரிக்காவில் கேரி காட்டின் கணவரும் போய்விட்டார். ஒரே வருஷத்தில் கணவரை இழந்த இரண்டு பெண்கள், ஒருத்தி கடலுக்கு இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். அந்தக் காலத்தில் எந்த ஊராக இருந்தாலும் அப்படிப்பட்டவர்களை மூலையில் உட்கார்ந்து அழச் சொல்லியிருப்பார்கள். இவர்கள் அடுத்த வருஷமே, 1906-இல், ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யத்தில் ஊர் ஊராகச் சேர்ந்து போய்க் கூட்டம் பேசினார்கள்! பிராக், வியன்னா, புடாபெஸ்ட். புடாபெஸ்டில் ரோஸிகா ஷ்விம்மர் என்ற சுறுசுறுப்பான இளம்பெண் அவர்களுக்குக் கிடைத்தாள். ஹங்கேரியில் இயக்கம் வளர்ந்தது அவளால்தான். துக்கத்துக்கு இப்படியும் ஒரு மருந்து உண்டு.

டாக்டரம்மா வீட்டிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் பெரிய பெரிய மியூசியங்கள் இருக்கும் மைதானம். அதன் ஓரத்தில் கன்செர்ட்கெபௌ என்ற சங்கீத சபா. 1888-இல் திறந்தது. நம் மியூசிக் அகாடமி மாதிரி அவர்களுக்குப் பெருமையான இடம். 1908 ஜூன் மாசம் சர்வதேசக் கூட்டணியின் மகாநாடு ஆம்ஸ்டர்டாமில் கூடியபோது, துவக்க விழா நடந்தது இங்கேதான். கத்தரீனா ஃபன் ரென்னெஸ் என்ற பெண்மணி அதற்கென்றே பாட்டு அமைத்துக் கொடுத்தார். நான் அந்தத் தூண்களைப் பார்த்தபடி நின்றேன். தேசம் தேசமாக வந்திறங்கியவர்களுக்கு ரயிலடியில் காத்திருக்க ஆள், தங்க இடம், சாப்பாடு, மொழிபெயர்ப்பு, தபால், கொடி, பூ என்று எவ்வளவு வேலை இருந்திருக்கும்! ஒரு கல்யாணம் நடத்தின வீட்டுப் பெண்களுக்குத்தான் அது தெரியும்.

அந்தக் கல்யாண வேலைக்கு வந்த ஒரு பெண்ணின் பெயர் ரோசா மானுஸ். வயசு இருபத்தாறு, வசதியான யூதக் குடும்பம். அங்கே கேரி காட்டையும் அலெட்டாவையும் சந்தித்தார். அதோடு சரி, ஆயுசு முழுக்க இந்த வேலைதான். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கப்பலில் உலகம் சுற்றினார்கள்

1911-இல் அலெட்டாவுக்கு ஐம்பத்தேழு வயசு. நம்மில் பலர் அந்த வயசில் முழங்கால் வலிக்குத் தைலம் தேடுவோம். அவரும் கேரி காட்டும் உலகப் பிரயாணம் கிளம்பினார்கள். தென்னாப்பிரிக்கா, எகிப்து, பாலஸ்தீனம், இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா, பிலிப்பைன்ஸ், சீனா, ஜப்பான். ஒரு வருஷத்துக்கும் மேலான யாத்திரை. போகிற இடமெல்லாம் அங்கே உள்ள பெண்களைத் தேடிப் பேசினார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி பார்த்தார்கள். அலெட்டா ஊருக்கு எழுதிய பிரயாணக் கடிதங்கள் பத்திரிகையில் வெளிவந்து, 1913-இல் புத்தகமாயின. சீனாவின் கான்டன் மாகாணச் சபையில் பெண் உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்ததைக் கண்டு இருவரும் அதிசயித்தார்கள். அப்போது ஹாலந்துச் சட்டசபையில் ஒரு பெண்கூட இல்லை! கற்றுக்கொடுக்கப் போனவர்கள் கற்றுக்கொண்டும் வந்தார்கள். சீனப் பெண்கள் சிவப்புப் பட்டில் எழுதித் தந்த பதாகை 1913 புடாபெஸ்ட் மகாநாட்டில் மேடையேறிற்று.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. அந்தச் சினேகத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. தென்னாப்பிரிக்காவில் அவர்கள் ஊக்குவித்தது வெள்ளைக்காரப் பெண்களின் இயக்கத்தை. அந்தப் பெண்களுக்கு 1930-இல் ஓட்டு வந்தது. கறுப்பினப் பெண்கள் 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜாவாவை ஆண்டதும் டச்சுக்காரர்கள்தானே? ஹாலந்துப் பெண்கள் ஓட்டு வாங்கின பிறகும், ஜாவாப் பெண்கள் சுதந்திர இந்தோனேஷியாவில் 1955-இல்தான் முதல் பொதுத் தேர்தலைப் பார்த்தார்கள். வீட்டு மனுஷி வேறு, வேலைக்காரி வேறு என்று நினைக்கும் புத்தி பெரியவர்களிடமும் இருந்திருக்கிறது. இதை வாசித்தபோது நம் வீடுகளையும் நினைத்துக்கொண்டேன்.

யுத்தம் வந்தபோது

ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஹேக் நகரத்துக்கு ரயிலில் முக்கால் மணி, ஒரு மணி நேரம்தான். வழி முழுக்கப் பச்சைப் புல்வெளி, வாய்க்கால், மாடுகள். நம் தஞ்சாவூர்ப் பக்கத்தை நினைவுபடுத்துகிறது. ஹேக்கில் எல்லாரும் பார்ப்பது சமாதான மாளிகை. 1913-இல் திறந்தார்கள், 1914-இல் உலக யுத்தம் வந்துவிட்டது!

கூட்டணியின் அடுத்த மகாநாடு 1915-இல் பெர்லினில் நடப்பதாக இருந்தது. யுத்தத்தில் அது நின்றுபோயிற்று. போன வருஷம் வரை ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்ட பெண்களின் கணவர்களும் பிள்ளைகளும் இப்போது ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். "ஹாலந்து நடுநிலை நாடு, இங்கே வாருங்கள்" என்று அலெட்டா அழைத்தார். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இங்கிலாந்துத் தலைவி மிலிசென்ட் ஃபாசெட் கடுமையாக எதிர்த்தார். உயிர்த் தோழி கேரி காட்டே வரவில்லை. கூட்டணி பெயரில் கூட்ட முடியாமல், தனிப்பட்ட பெண்களாகத்தான் கூடினார்கள்.

1915 ஏப்ரல் 28 முதல் மே 1 வரை, ஹேக் மிருகக்காட்சிசாலையின் பெரிய மண்டபத்தில் கூட்டம். அந்த மண்டபம் இன்று இல்லை. பன்னிரண்டு நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். அமெரிக்காவின் ஜேன் ஆடம்ஸ் தலைமை. அவரும் நாற்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களும் வந்த கப்பலை இங்கிலாந்துக் கரைக்கருகே நாலு நாள் நிறுத்தி வைத்தார்கள். இங்கிலாந்துப் பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் புறப்படத் தயாராக இருந்தும், கப்பல் போக்குவரத்தை நிறுத்திவிட்டதால், ஏற்கெனவே வெளிநாட்டில் இருந்த இரண்டு மூன்று பேர்தான் வர முடிந்தது. ஜெர்மானியப் பெண்கள் வந்தார்கள். ஜெர்மன் சேனை பிடித்து வைத்திருந்த பெல்ஜியத்திலிருந்தும் பெண்கள் வந்தார்கள். ஒரே மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். யுத்தத்தை நிறுத்தப் பேச்சுவார்த்தை வேண்டும், பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று தீர்மானம் போட்டு, அதை எடுத்துக்கொண்டு தேசம் தேசமாகப் போய் மந்திரிகளையும் பிரதமர்களையும் பார்த்தார்கள். அலெட்டா அமெரிக்க ஜனாதிபதி வில்சனையே சந்தித்தார்.

யுத்தம் நின்றதா? நிற்கவில்லை. பத்திரிகைகள் கேலி செய்தன. ஆனால் அந்த மண்டபத்தில் பிறந்த சங்கம், சமாதானத்துக்கும் சுதந்திரத்துக்குமான பெண்கள் சர்வதேச லீக் என்று 1919-இல் பெயர் பெற்று, ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு நூறு வருஷம் தாண்டியும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அதே 1919-இல் ஹாலந்துப் பெண்களுக்கு ஓட்டும் வந்தது. நகரத் தலைவருக்கு அலெட்டா கடிதம் போட்டது 1883-இல். முப்பத்தாறு வருஷம்! தன் இருபத்தொன்பது வயசில் கேட்டது, அறுபத்தைந்து வயசில் கிடைத்தது. 1929-இல் அவர் காலமானார்.

காணாமல் போன காகிதங்கள்

இப்போது ரோசா மானுஸுக்கு வருகிறேன். இவ்வளவு கடிதம், அறிக்கை, பத்திரிகை எல்லாம் பழைய காகிதமாகிப் போய்விடக் கூடாது என்று, 1935-இல் ரோசாவும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் இயக்கத்துக்கென்றே ஓர் ஆவணக்கூடம் ஆரம்பித்தார்கள். அலெட்டாவின் காகிதங்களையும் தன் காகிதங்களையும் ரோசா அங்கே சேர்த்தார். கெய்ஸர் கால்வாய்க் கரையில் ஒரு வீட்டில் அது இருந்தது. எல்லாரும் கண்ணீரோடு பார்த்துவிட்டு வரும் ஆன் ஃபிராங்க் வீடு அதற்கு அடுத்த கால்வாயில்தான்.

1940-இல் ஜெர்மன் நாஜிப் படை ஹாலந்தைப் பிடித்தது. இரண்டு மாசத்துக்குள் அந்த ஆவணக்கூடத்தைப் பூட்டி, அலமாரி அலமாரியாக வாரிக்கொண்டு போய்விட்டார்கள். பீரங்கி இல்லை, வெடிமருந்து இல்லை, பெண்கள் எழுதிக்கொண்ட கடிதங்கள்! அதற்கே பயந்திருக்கிறார்கள். 1941-இல் ரோசாவைக் கைது செய்தார்கள். அடுத்த வருஷம் நாஜிகளின் பிடியிலேயே உயிர் விட்டார்.

அந்தக் காகிதங்கள் போனது போனதுதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். 1992-இல் மாஸ்கோவில் கண்டுபிடித்தார்கள்! யுத்தம் முடிந்தபோது ரஷ்ய சேனை எடுத்துப்போய் வைத்திருந்திருக்கிறது. பேசிப் பேசி, 2003-இல்தான் ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்பி வந்தன. இப்போது அந்தக் கூடத்துக்கு ஆத்ரியா என்று பெயர். நான் பத்திரிகைப் பக்கங்களைப் பார்த்தது அங்கேதான். அலெட்டாவின் காகிதங்களை யுனெஸ்கோ 2017-இல் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் அம்மா வீட்டில் கம்பியில் குத்திய பழைய கடிதக் கற்றை ஒன்று இன்னும் தொங்குகிறது. பாட்டியின் மஞ்சள் கார்டுகள்கூட அதில் இருக்கின்றன. அதற்கு இனி ஒரு பெட்டி வாங்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அடையாறு வரை வந்த நூல்

இந்த நூலின் ஒரு முனை நம் ஊரிலும் இருக்கிறது. அயர்லாந்தில் ஓட்டுரிமைக்காகச் சிறை சென்ற மார்கரெட் கசின்ஸ் 1915-இல் இந்தியா வந்தார். 1917-இல் அவரும் டோரதி ஜினராஜதாசவும் மற்ற பெண்மணிகளும் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கினார்கள். அன்னி பெசன்ட் தலைவி. அந்த டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்னையில் மந்திரி மான்டேகுவைச் சந்தித்து ஓட்டுக் கேட்டது. 1921-இல், இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக, சென்னை சட்டசபை பெண்களுக்கு ஓட்டு என்று தீர்மானித்தது. சொத்து உள்ளவர்களுக்கு மட்டும்தான், சொற்பப் பேர்தான். ஆனாலும் கதவு திறந்தது. 1926-இல் பாரிஸில் அதே சர்வதேசக் கூட்டணியின் மகாநாடு. புதுக்கோட்டையில் பிறந்த நம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதில் இந்தியாவின் பிரதிநிதியாகப் போய் உட்கார்ந்தார். அங்கும் ஒரு டாக்டரம்மா, இங்கும் ஒரு டாக்டரம்மா!

வீட்டுக்காரர்களாக நாம் தினமும் செய்வது என்ன? விருந்தாளிக்குப் பாய் விரிக்கிறோம், போனவளுக்குக் கடிதம் போடுகிறோம், வராதவளை விசாரிக்கிறோம், பக்கத்து வீட்டில் துக்கம் என்றால் போய் உட்காருகிறோம். அலெட்டாவும் கேரியும் ரோசாவும் அதையேதான் செய்தார்கள், தேசம் தாண்டிச் செய்தார்கள். அதற்குப் பேச்சு சாமர்த்தியத்தைவிடப் பொறுமை அதிகம் வேண்டியிருந்தது. முப்பத்தாறு வருஷப் பொறுமை.

வாக்காளர் பட்டியலைத் திருத்தும்போது உங்கள் பெயரும், பதினெட்டு ஆன உங்கள் பெண்ணின் பெயரும், கல்யாணமாகி வந்த மருமகளின் பெயரும் இருக்கின்றனவா என்று நீங்களே போய்ப் பாருங்கள். "அவர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் வேலை செய்கிற பெண்ணின் பெயரையும் கையோடு விசாரித்துவிடுங்கள்.